ஓரடுக்கு மன்றமும் லயத்து மக்களும்: ஊவாத் தோட்டங்களும் பிரதேச சபை அமைப்பும்

உள்ளூராட்சி பற்றி எழுதுவோர் மன்றங்களை ஓரடுக்கு மன்றங்கள் என்றும் ஈரடுக்கு மன்றங்கள் என்றும் பிரித்து நோக்குவது வழக்கம். ஒரே நிலப்பரப்பில் வாழும் மக்களுக்கு ஒரு பணியை ஒரு மன்றமும் இன்னொரு பணியை அதற்கு மேற்பட்ட வேறொரு மன்றமும் ஆற்றுமாயின் அது ஈரடுக்கு முறை. எல்லாப் பணிகளும் ஒரே மன்றத்திடம் ஒப்படைக்கப்படுமாயின் அது ஓரடுக்கு முறை. இங்கிலாந்திலும் வேல்சிலும் 1972ஆம் ஆண்டுச் சட்டம் ஈரடுக்கு முறையை நிலைநிறுத்தியது. 1996இல் வேல்சும் ஸ்கொத்லாந்தும் முற்றாக ஓரடுக்கு முறைக்கு மாறின. அங்கு நடைபெற்ற விவாதம் பெரும்பாலும் சிக்கனம், செயற்றிறன் என்பன பற்றியது. இலங்கையில் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் மூலம் பட்டினத்தையும் கிராமத்தையும் ஒருங்கே தழுவும் ஓரடுக்கு மன்றம் ஒன்று தோற்றுவிக்கப்பட்டபோது எழுப்பப்பட்டிருக்க வேண்டிய வினா வேறு. அந்த ஓரடுக்கின் கீழ் யார் யார் அடங்குவர் என்பதே அது. நாட்டின் நிலப்பரப்பில் ஒரு பகுதி கிராமமுமன்று, பட்டினமுமன்று, அது தோட்டம். அதில் வாழ்பவர் குடிகளா அன்றித் தொழிற்படையா என்பது சட்டத்தாலும் தெளிவுறுத்தப்படாது நெடுங்காலம் விடப்பட்டிருந்தது.

ஊவா மாகாணத்தை, குறிப்பாகப் பதுளை மாவட்டத்தை, ஆய்வுக்களமாகக் கொண்டு இவ்வினாவை ஆராய இக்கட்டுரை முற்படுகின்றது. மலையக உள்ளூராட்சி பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் நுவரெலியாவையே மனத்திற்கொண்டு பேசுகின்றனர். நுவரெலியாவில் தோட்ட மக்கள் பெரும்பான்மையினர். அங்கு பிரச்சினையின் வடிவம் வேறு. பதுளை மாவட்டத்தில், 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, ஏறத்தாழ 815,000 பேர் வாழ்ந்தனர். அவர்களுள் மலையகத் தமிழர் ஐந்தில் ஒரு பங்கிற்குச் சற்றுக் குறைந்தவர். பசறை, லுணுகலை, மடூல்சீமை, நமுனுகுலை, தெமோதரை, அப்புத்தளை, பூனாகலை என மலைச்சாரல் நெடுகிலும் தோட்டங்கள் கிராமங்களோடு பின்னிக் கிடக்கின்றன. இப்பின்னலை மறந்துவிட்டு இங்கு உள்ளூராட்சியைப் பற்றிப் பேச இயலாது.

தோட்டம் என்னும் அமைப்பு ஊவாவில் எவ்வாறு தோன்றியது என்பது வரலாற்று மாணவர் அறிந்ததே. 1817-18ஆம் ஆண்டுகளின் ஊவா-வெல்லசைக் கிளர்ச்சி நசுக்கப்பட்டபின், 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய நிலங்கள் ஆக்கிரமிப்புச் சட்டம், உறுதிப்பத்திரம் காட்டவியலாத காட்டு நிலங்களையும் சேனை நிலங்களையும் முடிக்குரியனவாக்கியது. முதலில் கோப்பி, பின்னர் தேயிலை. தென்னிந்தியாவின் வரண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணி முறையின் கீழ்க் கொணரப்பட்ட மக்கள் லயங்களில் குடியமர்த்தப்பட்டனர். 1886இல் ஊவா தனி மாகாணமாகப் பதுளையைத் தலைநகராகக் கொண்டு அமைந்தபோது, தோட்டம் ஏற்கெனவே தனக்கெனத் தண்ணீர்ப் பீலி, தனக்கென மருந்துச் சாலை, தனக்கெனப் பாதை, தனக்கெனப் பிரட்டு மைதானம் ஆகியவற்றைக் கொண்ட ஒரு சிற்றரசு போன்றிருந்தது. துரையே அங்கு தொழில் தருபவர், அவரே வீட்டுக்காரர், வழக்குத் தீர்ப்பவரும் பெரும்பாலும் அவரே. பொருளுற்பத்தியின் அலகும் ஆட்சியின் அலகும் ஒன்றாகிவிட்ட இடத்தில் மக்கள் மன்றத்திற்கு இடமிருக்கவில்லை.

இதே காலத்தில் கிராமத்திற்கு மன்றம் கிடைத்தது. 1871ஆம் ஆண்டின் கிராமச் சங்கக் கட்டளைச் சட்டம், பழைய கம்சபையின் பெயரால், நீர்ப்பாசனம், வேலி, கால்நடை, சிறுவழக்கு ஆகியவற்றைக் கிராமத்தாரிடம் விட்டது. இதைக் குடியேற்ற ஆட்சியின் தாராள மனப்பான்மைக்குச் சான்றாகக் காட்டுவோர் உளர். பழைய நிலமானிய உறவுகளைக் கலைக்காமலே வரியையும் ஒழுங்கையும் பேணுவதற்கு மலிவான வழி அது என்பதே பொருத்தமான விளக்கமாகத் தோன்றுகின்றது. எவ்வாறாயினும், கிராமத்துச் சிங்கள விவசாயிக்கு ஒரு மன்றம் இருந்தது. அதனை அடுத்த மலையில் வாழ்ந்த தொழிலாளிக்கு இருக்கவில்லை.

1937ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் மனங்கொள்ளத்தக்க ஒரு திருப்பம். டொனமூர் அரசியலமைப்பின் கீழ் உள்ளூராட்சி அமைச்சராகவிருந்த எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க, கிராமச் சங்கங்களின் வாக்குரிமையை விரிவுபடுத்தும் திருத்தமொன்றை அரசாங்க சபையில் கொணர்ந்தார். அதுவரை புறத்தே நின்ற ஐரோப்பியரும் பறங்கியரும் கிராம ஆட்சிக்குள் கொணரப்பட்டனர். தோட்டத்து இந்தியத் தொழிலாளருக்கோ வாயில் திறக்கப்படவில்லை. இந்திய அரசு ஆட்சேபித்தது. அதன் விளைவாக இன அடையாளம் சட்டத்தின் சொற்களினின்று நீங்கியது. ஆனால் தோட்ட வசிப்பிடத்தில் வாழும் தொழிலாளர், எவ்வினத்தவராயினும், விலக்கப்பட்டவராயினர்.

இந்த மாற்றத்தை வெறும் சொல் மாற்றமாகக் கொள்ளலாகாது. இனத்தின் பெயரால் நிகழ்ந்த விலக்கு இப்போது இடத்தின் பெயரால் நிகழத் தொடங்கியது. எவர் என்பதன்று, எங்கே வாழ்கின்றார் என்பதே தடையாயிற்று. இனத்தின் பெயரால் விலக்குவதை எதிர்த்துக் குரலெழுப்புதல் எளிது. இடத்தின் பெயரால் விலக்கினால் அது நிருவாக வசதி போலத் தோற்றமளிக்கும். தோட்டம் தன் மக்களுக்குத் தானே வசதி செய்கின்றது, தோட்டத் தொழிலாளி கிராம வரி செலுத்துவதில்லை, ஆகவே கிராம மன்றத்தில் அவனுக்கு என்ன வேலை என்ற வாதம் அன்று முன்வைக்கப்பட்டது. அரை நூற்றாண்டின் பின்னரும் அதே வாதம், பெரிதும் வேறுபாடின்றி, வேறொரு சட்டத்தின் நிழலில் உயிரோடிருந்ததை மேலே காண்போம்.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் பதுளைத் தொகுதியிலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரசின் எஸ். எம். சுப்பையா நாடாளுமன்றம் சென்றார் என்பது இன்றைய இளந்தலைமுறையினர் பலர் அறியாத செய்தி. அந்தக் குரல் நீடிக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டுச் சட்டங்களும் தோட்ட மக்களின் பெரும்பான்மையினரை நாடற்றவராக்கின. 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 மக்களை எண்களாகப் பங்கிட்டது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் 1974இல் இரு நாடுகளுக்கும் சரிபாதி. குடியுரிமையற்ற மனிதருக்குக் கிராம சபையோ பட்டின சபையோ பொருளற்ற சொல். 1986, 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களே இந்நாடற்ற நிலைக்குப் படிப்படியாக முடிவு கட்டின.

இவ்விடைக்காலத்தில் உள்ளூராட்சி அமைப்பே உருமாறியது. கிராம சபைகள் 500க்கு மேற்பட்டவையும் பட்டின சபைகள் 80க்கு மேற்பட்டவையும் 1981இல் இல்லாதொழிந்தன. அவற்றின் பணிகள் 1980ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தாலான மாவட்ட அபிவிருத்திச் சபைகளிடம் சென்றன. கீழ்மட்டத்தில் கிராமோதய மண்டலங்கள் அமைக்கப்பட்டன. அவை மக்கள் வாக்களித்துத் தெரிந்த மன்றங்களல்ல. கிராமத்துச் சங்கங்களின் தலைவர்களைக் கூட்டி அமைத்தவை. மக்களுக்கு அண்மையிலிருந்த தெரிவுசெய்யப்பட்ட மன்றம் ஒரே வீச்சில் அகற்றப்பட்டமை பரவலான அதிருப்தியைத் தோற்றுவித்தது. அவ்வெற்றிடத்தை நிரப்பவே 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் வந்தது.

இச்சட்டத்தின் அமைப்பைச் சுருக்கமாக நோக்குதல் வேண்டும். மாநகர சபைக்கும் நகர சபைக்கும் உட்படாத நிலம் முழுவதும் பிரதேச சபைகளின் கீழ் வந்தது. அன்றைய உதவி அரசாங்க அதிபர் பிரிவின் எல்லையே பொதுவாகச் சபையின் எல்லை. பழைய கிராம சபையின் பணியும் பட்டின சபையின் பணியும் ஒன்றாக்கப்பட்டன: பொதுப் பாதைகள், குடிநீர், கழிவகற்றல், சந்தை, மயானம், நூலகம், தெருவிளக்கு, முன்பள்ளி, கட்டட அனுமதி முதலியன. தவிசாளரும் உப தவிசாளரும் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினரும் கொள்கை வகுப்பர். செயலாளர் நிருவாகத்தை நடத்துவார். நிதி, வீடமைப்பு, தொழினுட்பப் பணி, சுற்றாடல் என்பனவற்றுக்குக் குழுக்கள் உண்டு. இக்குழுக்களில் உறுப்பினரல்லாத பொதுமக்களையும் சேர்த்துக்கொள்ளச் சட்டம் இடமளிக்கின்றது. இந்த ஏற்பாட்டைப் பற்றிப் பின்னர் ஒரு சொல் உண்டு. மேற்பார்வை மாகாண சபையின் உள்ளூராட்சி அமைச்சரிடமும் ஆணையாளரிடமும் உள்ளது. பதுளை மாவட்டத்தில் இன்று 15 பிரதேச சபைகள் உள்ளன. அவற்றோடு பதுளை, பண்டாரவளை மாநகர சபைகளும் அப்புத்தளை நகர சபையும் சேர்ந்து மொத்தம் 18 மன்றங்கள். மொனராகலை மாவட்டத்தில் 10 பிரதேச சபைகள்.

வரைபடத்தில் நோக்குமிடத்து, ஊவாவில் மன்றத்தின் கீழ் வராத ஒரு சாண் நிலமும் இல்லை. தோட்டமும் அதனுள் அடங்கும். ஆயினும் வரைபடத்தின் முழுமை நடைமுறையின் முழுமையன்று.

சட்டத்தின் 33ஆம் பிரிவே மலையகத்தில் மிகுதியாகப் பேசப்பட்ட பிரிவு. சபையின் பணிகள் கிராமத்தை மையமாகக் கொண்டு வகுக்கப்பட்டிருந்தன. தோட்டக் குடியிருப்பு கிராமம் என்னும் சொல்லுள் அடங்காது என்னும் பொருள்கோள் நிலைபெற்றது. விளைவு யாதெனில், தோட்டத்து லயத்துக்குச் செல்லும் பாதைக்கோ பீலிக்கோ சபையின் நிதியைச் செலவிடுவது சட்டத்துக்குப் புறம்பானது என்ற அச்சம் சபைகளில் ஆட்சி செய்தது. சட்டம் அனுமதியாத செலவு கணக்காய்வில் மறுக்கப்படும் என்பதை எந்தச் செயலாளரும் அறிவார். 1991 மே மாதம் பிரதேச சபைகளுக்கான முதலாவது தேர்தல் நடைபெற்றது. தோட்ட மக்கள் பெருந்தொகையினராக வாக்களித்த முதல் உள்ளூராட்சித் தேர்தல் அதுவெனலாம். அவ்வாக்குகளால் தோட்டத்துப் பிரதிநிதிகள் சபைக்குச் சென்றனர். தம்மைத் தெரிந்த மக்களின் லயத்துக்கு ஒரு தெருவிளக்கைத்தானும் சட்டப்படி இட முடியாத உறுப்பினர்களாக அவர்கள் அங்கு அமர்ந்திருந்தனர்.

வாக்கு ஓர் உரிமை; அதன் பயன் வேறோர் உரிமை. முதலாவதைக் கொடுத்து இரண்டாவதை நிறுத்திவைப்பது முதலாளித்துவ ஜனநாயகத்தின் பழகிய வழி என்று கூறி இதனைக் கடந்து செல்லலாம். ஆனால் ஊவாத் தோட்டங்களில் இது எடுத்த வடிவம் தனித்தன்மை வாய்ந்தது; அதன் வேர் நில உடைமையில் உள்ளது. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தமும் 1975இல் கம்பனித் தோட்டங்களின் தேசிய உடைமையாக்கமும் நிலத்தைத் தனியாரிடமிருந்து அரசுக்கு மாற்றின. நிலத்துக்கும் அதில் வாழ்பவருக்கும் இடையிலான உறவை அவை மாற்றவில்லை. துரைக்குப் பதில் ஜனவசம அல்லது அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்தின் முகாமையாளர்; லயம் அதே லயம். 1992இல் முகாமை 22 பிராந்தியக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னர் அது 53 ஆண்டுக் குத்தகையாயிற்று. வீடமைப்பும் நலவசதியும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தின் வழியே சென்றன. ஆகப் பாதை தோட்டத்தின் சொத்து; பீலியும் தோட்டத்தின் சொத்து; மயானமும் அவ்வாறே. பொதுப் பாதை என்று பிரசித்தம் செய்யப்படாத பாதையைச் சபை பேணவியலாது. நிலத்தைக் கையில் வைத்திருப்பவரின் இணக்கமின்றி அதனைப் பொதுப் பாதையாக்குதல் நடைமுறையில் கடினம்.

இதில் ஒரு முரண் பொதிந்துள்ளது. பயிர்செய்யப்பட்ட நிலங்களின்மீது ஏக்கர் வரி விதிக்கும் அதிகாரத்தை அதே சட்டம் சபைக்கு வழங்கியுள்ளது. தோட்டம் என்னும் நிலம் வரிக்குரியது. தோட்டம் என்னும் குடியிருப்போ பணிக்குரியதன்று. தோட்டத் தொழிலாளி வரி செலுத்துவதில்லை என்ற 1937ஆம் ஆண்டு வாதத்தை இங்கு நினைவுகூரலாம். அத்தேயிலைச் செடியின் விளைச்சல் யாருடைய கையால் வந்தது, அதன்மீது விதிக்கப்பட்ட வரி யாருடைய உழைப்பிலிருந்து பிறந்தது என்று கேட்போமாயின் அவ்வாதத்தின் வர்க்கத்தன்மை வெளிப்படும்.

இந்தியாவில் இதே முரண் வேறு வடிவம் கொண்டுள்ளது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, நீர், மருத்துவம் ஆகியவற்றைத் தோட்ட உரிமையாளரின் கடமையாக்கியது. அதே வேளை ஆனைமலையின் வால்பாறையில் தோட்டங்களே நகராட்சியின் எல்லைக்குள் அமைந்துள்ளன. கடமை முதலாளியிடமா மன்றத்திடமா என்ற இழுபறி அங்கும் உண்டு. எனினும் தோட்டத்து மக்கள் மன்றத்துக்குப் புறத்தார் என்ற கருத்து அங்கு சட்டமாக நிலைபெறவில்லை.

இலக்கிய மாணவன் என்ற வகையில் இவ்விடத்தில் ஒன்று கூற விழைகின்றேன். சட்டப் புத்தகங்கள் கூறாததை ஊவாவின் புனைகதை முன்னமே கூறிவிட்டது. தெளிவத்தை ஜோசப் (1934-2022) பதுளைக்கு அண்மையிலுள்ள ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்தவர். தாம் பணியாற்றிய தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு இணைத்துக்கொண்டவர். அவருடைய ‘மீன்கள்’ என்னும் சிறுகதை, ஒரே காம்பராவில் ஒரு குடும்பம் முழுவதும் ஒடுங்கிப் படுக்க நேர்வதால் விளையும் மன அவலத்தைச் சித்திரிப்பது. விமரிசகர் பலர் இதனைப் பாலுணர்வு, கூச்சம், மனித கண்ணியம் என்ற கோணங்களில் நோக்கியுள்ளனர். அவை பொருத்தமானவையே. ஆனால் கதையின் பின்னே நிற்கும் பொருளியல் உண்மை ஒன்றுண்டு. மகன் மணமுடித்தால் தந்தை ஓர் அறையைக் கூட்டிக் கட்டுவது கிராமத்தில் இயல்பு. லயத்தில் அது இயலாது. சுவர் அவனுடையதன்று, இஸ்தோப்புக்கு முன்னுள்ள நிலமும் அவனுடையதன்று, கட்டட அனுமதி கோரிச் சபைக்குச் செல்வதற்கு அவனிடம் உறுதியுமில்லை, இலக்கமுமில்லை. கிராமத்து வீட்டின் கதவில் சபையின் ஆதன வரி இலக்கம் இருக்கும்; அதுவே முகவரி. லயத்துக் காம்பராவுக்கு முகவரி இல்லை. கடிதம் தோட்டத்து அலுவலகத்துக்கே வரும். அங்கிருந்தே அது உரியவரைச் சென்றடைய வேண்டும். வங்கிக் கடிதமும் நேர்முகத் தேர்வுக்கான அழைப்பும் இவ்வழியே வருவதால் காலந்தாழ்ந்து கிடைப்பதை மலையகத்துப் படித்த இளைஞர் எவரும் அறிவர். ஜோசப் எழுதிய அவலம் மனித இயல்பின் அவலம் மட்டுமன்று. மன்றமில்லாத மனிதரின் அவலமுமாகும்.

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, ஹல்துமுல்லைப் பிரிவிலுள்ள கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பலருடைய உடல்கள் கிடைக்கவேயில்லை. அவ்விடம் வாழ்வதற்கு உகந்ததன்று எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தும் மக்கள் ஏன் அகற்றப்படவில்லை என்று அப்போது எல்லோரும் கேட்டனர். தொழிலாளரின் அசட்டையே காரணம் எனக் கூறியோரும் இருந்தனர். அக்கூற்றை ஏற்பதற்கில்லை. ஒரு குடும்பம் பெயர்ந்து செல்ல வேண்டுமாயின் செல்வதற்கு நிலம் வேண்டும். நிலம் அரசினது, குத்தகையோ கம்பனியினது. பிரதேச செயலாளர் அந்நிலத்தைப் பகிர்ந்தளிக்க வேண்டுமாயின் முதலில் அது கம்பனியிடமிருந்து விடுவிக்கப்படல் வேண்டும். வாக்காளரின் மன்றமான பிரதேச சபைக்கு அந்நிலத்தின்மீது எவ்வதிகாரமுமில்லை. நாளாந்தச் சம்பளத்தில் வாழும் தொழிலாளி லயத்தை விட்டு வெளியேறினால் அவருக்குத் தொழிலும் இல்லை, கூரையும் இல்லை. கிராமத்தில் மலை அசைந்தால் கிராமத்தார் சபையின் வாயிலில் நின்று சண்டையிடலாம். தோட்டத்தில் யார் வாயிலில் நிற்பது என்பதே தெளிவில்லை. பொறுப்பு இவ்வாறு பலரிடம் சிதறிக் கிடந்ததால் எவரிடமும் இல்லாதாயிற்று. இதனை ஓரடுக்கு ஆட்சி என்று அழைப்பது எங்ஙனம் பொருந்தும்?

மீரியபெத்தையின் பின்னர் மலையகத்தில் எழுந்த கோரிக்கைகள் இரு திசைகளில் சென்றன. ஒன்று, 7 பேர்ச் நிலமும் தனி வீடும் என்பது. மற்றது, பிரதேச சபைகள் சட்டத்தின் திருத்தம். 2018ஆம் ஆண்டு அத்திருத்தம் நிறைவேறியது. தோட்டக் குடியிருப்புகளின் பாதை, கிணறு முதலிய பொது வசதிகளுக்குச் சபையின் நிதியைச் செலவிட வழி பிறந்தது. அதே ஆண்டு மலைநாட்டுப் புதிய கிராமங்களுக்கான அபிவிருத்தி அதிகார சபையும் சட்டத்தால் நிறுவப்பட்டது. நுவரெலியாவில் இரண்டு பெருஞ்சபைகள் ஆறாகப் பிரிக்கப்பட்டன. அதுவரை நுவரெலியா, அம்பகமுவ ஆகிய சபைகள் ஒவ்வொன்றும் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களைத் தாங்கியிருந்தன என்பதை நினைத்தால் இப்பிரிப்பு நியாயமானது.

ஆனால் நுவரெலியாவின் தீர்வை ஊவாவுக்குப் பெயர்த்து வைக்க முற்படுவோர் இங்குள்ள நிலைமையைக் கவனியாதவராவர். பசறையிலோ ஹாலி-எலவிலோ தோட்டங்களை மட்டும் பொறுக்கியெடுத்துத் தனிச்சபை அமைக்க முடியாது. அமைத்தாலும் அது வருமானமற்ற மன்றமாகவே இருக்கும். ஏனெனில் கடைவீதியும் சந்தையும் பட்டினத்தில் உள்ளன. மேலும், தோட்டத்தின் கீழேயுள்ள சிங்களக் கிராமத்தாரும் தோட்டத்தினாலேயே நிலமிழந்தவர். அவர்களுடைய சேனையும் மேய்ச்சல் நிலமும் தோட்டத்தின் எல்லைக்குள் சென்றன. 1951இல் வெளிவந்த கண்டிய விவசாயிகள் ஆணைக்குழுவின் அறிக்கை இவ்விழப்பின் விளைவுகளை விரிவாக ஆராய்ந்தது. கிராமத்துப் பிள்ளைகள் பாடசாலைக்குச் செல்லும் வழியும் பல இடங்களில் அதே தோட்டத்துப் பாதைதான். அப்பாதை சபையால் பேணப்படாவிட்டால் இரு சாராருமே சேற்றில் நடக்கின்றனர். இரு வறியவர்களும் எதிரெதிரே நிறுத்தப்பட்டிருப்பது அவர்களுடைய நலன்கள் முரண்படுவதாலன்று. நிலத்தின் உடைமை அவ்வாறு ஒழுங்குசெய்யப்பட்டிருப்பதால் ஆகும். எனவே ஊவாவில் பொதுச் சபையே வழி. அச்சபையினுள் தோட்ட மக்கள் முழு உரிமையோடு அமர்வதே கேள்வி.

அம்முழு உரிமைக்கு 2018ஆம் ஆண்டுத் திருத்தம் போதுமானதன்று. சபை தோட்டத்தினுள் நுழையலாம். ஆனால் விருந்தாளியாகவே நுழைகின்றது. நிலமும் பாதையும் கம்பனியின் கையிலுள்ளவரை, சபையின் வரவு-செலவுத் திட்டத்தில் தோட்டத்துக்கு ஒதுக்கும் பணம் முகாமையின் இணக்கத்தைக் காத்திருக்கும் பணமாகவே இருக்கும். அன்றியும், ஓரடுக்கு என்னும் பெயருக்கு மாறாக, சபையின் அருகிலேயே மத்திய அரசின் கிளையாகப் பிரதேச செயலகம் நிற்கின்றது. காணி, நிவாரணம், கிராம அலுவலர் என்பன அதனிடம் உள்ளன. மேலே நிற்கும் ஊவா மாகாண சபை 2014இல் தெரிவுசெய்யப்பட்டது. அதன் காலம் 2019இல் முடிந்தபின் பல ஆண்டுகள் ஆளுநரின் கீழேயே மாகாணம் இயங்கியது. உள்ளூராட்சி மன்றங்களின் நிலையும் அதனினும் சிறந்ததாக இருக்கவில்லை. 2018 பெப்ரவரி 10இல் தெரிவான மன்றங்களின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அவ்வாண்டு மார்ச் 9இல் நடைபெறவிருந்த தேர்தல் நிதி இல்லை எனக் காட்டி நிறுத்தப்பட்டது. அது அடிப்படை உரிமை மீறல் என உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. 2025 மே 6இல் தேர்தல் நடைபெறும்வரை, இரண்டாண்டுகளுக்கு மேலாகப் பிரதேச சபைகளைச் செயலாளர்களே நடத்தினர். வாக்குரிமைக்காகப் பல தலைமுறைகள் காத்திருந்த மக்கள் மீண்டும் மன்றமற்றவராயினர். இம்முறை ஏனையோரும் அவர்களோடு சேர்ந்து அந்நிலையை அனுபவித்தனர் என்பதே வேறுபாடு.

தேர்தல் முறையும் ஊவாவில் தனிக்கவனத்துக்குரியது. முன்பு விகிதாசார முறையில், சபைப் பரப்பெங்கும் சிதறிய தோட்ட வாக்குகள் ஒன்றுதிரண்டு ஓரிரு உறுப்பினரைத் தெரிய முடிந்தது. 2018இல் நடைமுறைக்கு வந்த கலப்பு முறையில் 60 சதவீதத்தினர் வட்டாரங்களிலிருந்து தெரிவாகின்றனர். 40 சதவீதத்தினர் பட்டியலிலிருந்து வருகின்றனர். வட்டாரத்தின் கோடு தோட்டத்தின் நடுவே சென்றால் அத்தோட்டம் இரு வட்டாரங்களில் சிறுபான்மையாகும். கோடு சற்று விலகிச் சென்றால் ஒரு வட்டாரத்தில் பெரும்பான்மையாகும். எல்லை வரைதல் தொழினுட்ப வேலையாகத் தோன்றினாலும் அது அரசியலே. பெண்களுக்கு 25 சதவீத இடம் என்ற ஏற்பாடு வரவேற்கத்தக்கது. கொழுந்து பறிப்போர் பெண்களே என்பதை எண்ணுகையில், கொழுந்து மலையிலிருந்து நேரே சபைக்கு வரும் பெண்கள் எத்தனைபேர் என்பதைத் தொழிற்சங்கங்கள் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். சங்கத் தலைமையும் வேட்பாளர் பட்டியலும் ஆண்களின் கையிலேயே இருந்து வந்துள்ளன.

முழுமையான நிலச் சீர்திருத்தம் இன்றி இப்பிரச்சினை தீராது என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயினும் அதுவரை கைகட்டியிருத்தல் முற்போக்காளரின் வேலையன்று. இன்றுள்ள சட்டத்தினுள்ளேயே செய்யத்தக்கவை சில உள. மேலே குறிப்பிட்ட குழு ஏற்பாட்டைப் பயன்படுத்தி, உறுப்பினரல்லாத தோட்டத்து ஆண்களையும் பெண்களையும் வீடமைப்பு, சுற்றாடல் குழுக்களில் அமர்த்தலாம்; மலைச்சரிவு அபாயமுள்ள ஒவ்வொரு லயமும் அக்குழுவின் ஏட்டில் பதியப்படின், எவருக்கும் தெரியாது என்ற சாட்டுக்கு இடமிராது. கிராமத்தாரும் தோட்டத்தாரும் ஒருங்கே நடக்கும் பாதைகளை முதலில் தெரிந்தெடுத்துப் பொதுப் பாதைகளாகப் பிரசித்தம் செய்யுமாறு சபையில் பிரேரணை கொணரலாம். இரு பக்கத்து வாக்குகளும் அதற்குக் கிடைக்கும். பதுளை மாவட்டத்தின் சில பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிருவாகப் பிரிவுகளாக ஏலவே அறிவிக்கப்பட்டுள்ளன. அப்பிரிவுகளிலுள்ள சபைகளின் அறிவித்தல்களும் கூட்டறிக்கைகளும் தமிழிலும் வெளிவர வேண்டும் எனக் கோருவதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

இலக்கமிடுதலும் அவ்வாறானதே. ஒவ்வொரு லயத்துக்கும் ஒவ்வொரு காம்பராவுக்கும் இலக்கமிட்டு, பாதைக்குப் பெயரிட்டு, அப்பட்டியலை அஞ்சல் அலுவலகத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் சபை அனுப்பலாம். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. வேண்டுவது சபையின் ஒரு தீர்மானமும், தூரிகையும் வண்ணமும் ஏந்திய இரண்டு ஊழியரும்.